வட்டத்தில் சொன்னது

கொரோனா அடங்கிப் பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்த வருடம்தான் நான் குன்னூர்ப் பள்ளியில் வேலையை விட்டேன். இருபத்தாறு வருடம் சின்ன வகுப்புகளுக்கே பாடம் எடுத்தவள். வெடிமருந்துத் தொழிற்சாலையில் என் கணவருக்கு இன்னும் சில வருட சர்வீஸ் பாக்கி இருந்தது. குவார்ட்டர்ஸில் சும்மா உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கோத்தகிரி சாலையில் ஒரு டிரஸ்ட் நடத்திய சின்னப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. தாளாளர் வீட்டுக்கே வந்து கேட்டார்.

"ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் நீங்கதான் மேடம் புதுசா பாடத்திட்டம் எழுதித் தரணும். புஸ்தகம் அது பாட்டுக்கு இருக்கட்டும். குழந்தைங்க முழுசா வளரணும். அதுக்கு என்ன செய்யலாம்னு சொல்லுங்க."

முழுசா என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்துப்போயிற்று. இத்தனை வருடம் குழந்தைகளின் கையெழுத்தையும் வாய்ப்பாட்டையும் மட்டும் திருத்திக்கொண்டிருந்தோமே என்ற குறை எனக்குள் எப்போதும் உண்டு. அன்றே சரி என்றேன்.

பள்ளியில் நூற்றுச் சொச்சம் குழந்தைகள். பாதிப் பேர் சுற்றியிருந்த எஸ்டேட் தொழிலாளிகளுக்குக் கொடுத்திருந்த லைன் வீடுகளிலிருந்து நடந்து வந்தார்கள். மீதிப் பேர் கடைக்காரர்கள், டிரைவர்கள், ஹட்டிகள் என்கிற படுகர் ஊர்களில் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருப்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகள். முதல் மாதம் நான் எதையும் எழுதவில்லை. வகுப்பின் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு வருடம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த குழந்தைகள் பேச்சையே தொலைத்துவிட்டு வந்திருந்தார்கள். பேர் என்ன என்று கேட்டால்கூட பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தார்கள்.

அதனால் நான் எழுதிய திட்டத்தில் முதல் பக்கத்திலேயே வட்டம் வந்தது. தினமும் காலையில் பெல் அடித்ததும் இருபது நிமிடம். பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். ஆசிரியை ஒரு கேள்வி கேட்பார். விருப்பமுள்ளவர்கள் பதில் சொல்லலாம். நேற்று எதற்குப் பயந்தாய், எதற்குச் சிரித்தாய், வீட்டில் யாரோடு சண்டை என்று இப்படியான கேள்விகள். வருடம் முழுவதுக்குமாகக் கேள்விகளை நானே எழுதிக் கொடுத்தேன். வட்டத்தில் சொன்னது வட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் எழுதி, குழந்தைகளை ஒரே குரலில் சொல்லவும் வைத்தேன். எட்டு வயதுக் குழந்தைகள் அதைப் பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொன்னார்கள். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வேறு பலவும் இருந்தன. தோட்டம் போட்டோம். சமைத்து அளவுகள் கற்றோம். ஐப்பசி மழைக்கென்றே மழை வகுப்பு ஒன்று வைத்தேன். தூறலிலேயே வெளியே போய் ஓடைத் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது, மண்புழு எங்கிருந்து மேலே வருகிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும். ரெயின்கோட்டும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம் என்று பெற்றோருக்குச் சீட்டு அனுப்பினேன். அட்டைப்பூச்சி ஏறுமே என்ற கவலையில் கேட்டதுதான். ஒரு ஜோடி பூட்ஸ் ஒரு வீட்டில் என்ன பாடு படுத்தும் என்று யோசிக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். இடது கையால் எழுதுவாள். முன்பல் விழுந்த இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டே இருப்பாள். அம்மா எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். அப்பா கோயமுத்தூரில் பெயின்ட் வேலை, மாதத்துக்கு ஒரு தரம் வருவார். ஜூலையிலிருந்து ஆகஸ்ட் வரை அவள் வட்டத்தில் வாய் திறக்கவில்லை. செப்டம்பரில் ஒரு நாள், லைனில் ஒரு நாய் குட்டி போட்டதைப் பற்றி நாலு வார்த்தை சொன்னாள். வகுப்பு ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் தினமும் கை தூக்கினாள். தாளாளரிடம் நான் அடிக்கடி சொன்னது அவளைப் பற்றித்தான்.

ஐப்பசி பிறந்து மழை வகுப்பு தொடங்கிய வாரம் ஒரு நாள் வட்டத்தில் கேட்ட கேள்வி, நேற்று உன்னைச் சந்தோஷப்படுத்தியது எது என்பது. அவள் மஞ்சள் நிறத்தில் புது பூட்ஸ் போட்டு வந்திருந்தாள். வட்டத்துக்குள் காலை நீட்டிக் காட்டினாள்.

"எங்கம்மா வாங்கித் தந்துச்சு மிஸ். எங்கம்மா காய்ச்சல்னு டிஸ்பென்சரியில சீட்டு வாங்கிட்டு எஸ்டேட்டுக்கு லீவு போட்டுருச்சு. போட்டுட்டு ஹட்டியில ஒருத்தரு தோட்டத்துல மூணு நாள் கொழுந்து எடுத்துச்சு. அந்தக் காசுல வாங்குச்சு."

குழந்தைகள் கை தட்டினார்கள். ஆசிரியையும் தட்டினார். நானும் தட்டினேன். பின்னால் உட்கார்ந்து என் நோட்டில் அவள் பெயருக்கு எதிரே எழுதினேன்: தடங்கல் இல்லாமல் பேசுகிறாள், காரணத்தோடு சொல்கிறாள். அவள் எப்படிச் சொன்னாள் என்பதில்தான் என் காது இருந்தது. என்ன சொன்னாள் என்பது என் காதுக்கு எட்டவே இல்லை. இன்றைக்கும் அந்த நோட்டைத் திறக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த வட்டத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் மேஸ்திரியின் மகள். எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு ஆள் கணக்கு எடுப்பவர் அவள் அப்பா. இரண்டு பேரும் நல்ல சிநேகிதிகள். சாயங்காலம் வீட்டுக்குப் போய், தனக்கும் மஞ்சள் பூட்ஸ் வேண்டும் என்று அந்தக் குழந்தை அடம்பிடித்திருக்கிறாள். அது எங்கே கிடைத்தது என்று அப்பா கேட்டபோது, வட்டத்தில் கேட்டதை அப்படியே சொல்லியிருக்கிறாள்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. மறுநாள் தேயிலைக் காட்டில், "என்னம்மா, காய்ச்சலோட ஹட்டிப் பக்கம் போய்ட்டு வந்தியாட்டிருக்குது?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறார். ஆனால் பக்கத்தில் பத்துப் பெண்கள் இருந்தார்கள். இரண்டு நாளில் பேச்சு ஆபீஸுக்குப் போய்விட்டது. அந்த அம்மா நாலு வருடமாக டெம்பரவரியில் இருந்தார். அந்த மாதக் கடைசியில் நிரந்தரத் தொழிலாளியாகப் பேர் பதிவதாக இருந்தது. லைன் வீடும் அந்த வேலையை நம்பித்தான்.

அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று வகுப்பு ஆசிரியை மூச்சு வாங்க வந்து என்னிடம் சொன்னார்.

"மிஸ், நம்ம வட்டத்துலதான் பேசுச்சு அந்தப் புள்ளை. இப்ப என்ன பண்றது?"

எனக்கு உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்று பரபரத்தது. அன்று மத்தியானமே எஸ்டேட் ஆபீஸுக்குப் போனேன். யாரையும் கேட்கவில்லை. அந்த அம்மாவைக்கூடக் கேட்கவில்லை.

மேனேஜருக்கு நாற்பது வயது இருக்கும். மரியாதையாக எழுந்து நாற்காலி காட்டினார். "வாங்க மேடம். ஸ்கூல் விஷயமா?"

"அந்த மூணாவது படிக்கிற குழந்தை விஷயமா வந்தேன் சார். அவ கெட்ட எண்ணத்தோட சொல்லலை. புது பூட்ஸ் வாங்கின சந்தோஷத்துல எங்க வகுப்புல சொன்னா. சின்னக் குழந்தை. அதை வெச்சு அவங்கம்மாவைத் தண்டிச்சுடாதீங்க. அவங்க அந்த மூணு நாள் போனதுகூட நாங்க கட்டாயம்னு கேட்ட பூட்ஸுக்காகத்தான்."

அவர் பேனாவை மேஜையில் வைத்தார்.

"அப்ப நெஜமாவே போயிருக்காங்க?"

நான் என்ன சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்கொயரியில அந்தம்மா இல்லவே இல்லைன்னு சொன்னாங்க மேடம். மேஸ்திரியும், பசங்க பேச்சு சார், விட்டுருங்கன்னு சொல்லிட்டார். நானும் விட்டுடலாம்னுதான் இருந்தேன். இப்ப நீங்க வந்து சொல்றீங்க. ஒரு டீச்சர் வந்து சொன்ன பிறகு எனக்குத் தெரியாதுன்னு நான் எப்படி இருக்க முடியும்?"

"நான் சொன்னதா வெச்சுக்காதீங்க சார்" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. டிஸ்பென்சரியில் பொய்ச் சீட்டு வாங்குவதை ஒருவருக்கு விட்டால் நாளைக்கு நூறு பேர் வாங்குவார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். டீ வரவழைத்துக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "உன்னை யாரு அங்க போகச் சொன்னது?" என்று கேட்டார். இருபத்தாறு வருடத்தில் பள்ளிக்கூட விஷயமாக அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி அது.

மூன்றாம் நாள் அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தலையில் துண்டு, தோளில் பிளாஸ்டிக் ஷீட், நனைந்த கால். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வராந்தாவிலேயே நின்றார்.

"டீச்சர், நான் ஆபீஸ்ல இல்லைன்னு சொல்லிட்டு வந்தேனுங்க. நீங்க போயி ஆமான்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"உங்களுக்கு உதவி பண்ணத்தான் போனேம்மா…"

"நான் கேட்டேனுங்களா?" அவர் சத்தம் போடவில்லை. "எம்புள்ளை வாயே தொறக்க மாட்டா. இந்தப் பள்ளிக்கூடம் வந்து பேசறான்னு நான் அக்கம்பக்கத்துல எல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். நீங்க அவகிட்ட ஊட்டு சங்கதியக் கேட்டுப் பேச வெச்சிருக்கீங்க. பாடம் சொல்லிக் குடுங்க, வேணாங்கல. எங்க ஊட்ல நாங்க எப்படிப் பொழைக்கிறோம்னு உங்களுக்கு எதுக்குங்க? தெரிஞ்சு என்ன பண்ணுனீங்க?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. டிசி எப்போது கிடைக்கும் என்று கேட்டார். தேவாலாவில் அவருடைய அண்ணன் இருக்கிறார், அங்கே போகிறோம் என்றார். பிறகு வகுப்பு வாசலுக்குப் போய் மகளைக் கூப்பிட்டார். அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைத் தாண்டும்போது குனிந்தே போனாள். தன்னால்தான் எல்லாம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், அல்லது அவளாகவே புரிந்துகொண்டிருந்தாள். அவள் தோளைத் தொடக் கை நீட்டினேன். அவள் அம்மாவின் பக்கமாக நகர்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் வட்டத்தில் கேள்வி கேட்டபோது எல்லாக் குழந்தைகளும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "இட்லி சாப்பிட்டேன் மிஸ்." "நானும் இட்லி சாப்பிட்டேன் மிஸ்." லைன் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமல்ல, மற்றவர்களுக்கும் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மேஸ்திரியின் மகள் அதைக்கூடச் சொல்வதை நிறுத்திவிட்டாள். லைனில் யாரும் அவளைத் தங்கள் பிள்ளைகளோடு விளையாட விடவில்லை. அவள் பேசாமல் இருப்பதைப் பார்த்துப் பயந்து, வகுப்பு ஆசிரியை அவளை என் அறைக்குக் கூட்டி வந்தார். நான் கிரேயானும் தாளும் கொடுத்தேன். வரையவில்லை. கிரேயானை மேஜையில் உருட்டிக்கொண்டே அவளே கேட்டாள்.

"மிஸ், நான் பொய் சொல்லலையே மிஸ்?"

"இல்லைடா கண்ணு. நீ பொய் சொல்லலை."

"அப்ப ஏன் மிஸ் அவ போயிட்டா?"

நற்பண்புகள் என்று நான் எழுதிய பகுதியில் உண்மை பேசுதல் முதல் வரியாக இருந்தது. அதற்கு ஒரு கதையும் ஒரு விளையாட்டும் தயாரித்திருந்தேன். உண்மை சொன்ன இரண்டு குழந்தைகளில் ஒருத்திக்கு வீடு போயிற்று, இன்னொருத்திக்குச் சிநேகிதி போயிற்று. என் எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு நான் என்ன சொல்ல? "உன் மேல தப்பு இல்ல. மிஸ் மேலதான் தப்பு" என்றேன். மிஸ் மேல் தப்பு இருக்க முடியும் என்று அவள் நம்பவில்லை. அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

வட்டத்தை நிறுத்திவிடலாம் என்று தாளாளரிடம் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. வேறு இரண்டு பள்ளிக்காரர்கள் அதைப் பார்க்க வருவதாக இருந்தது.

"ஒரு விஷயம் தப்பாப் போச்சு மேடம். அதுக்காக நல்ல திட்டத்தையே விட்டுடறதா? அந்தம்மா பொய்ச் சீட்டு வாங்கினதுக்கு நாம என்ன செய்ய முடியும்?"

"அவங்க வாங்கினது அவங்க விஷயம் சார். அதைக் குழந்தை வாயிலிருந்து எடுத்தது நாம."

நாங்கள் இரண்டு மாதம் இப்படியே பேசினோம். கடைசியில் கேள்விகளை மாற்றிக்கொள்ள மட்டும் அவர் ஒத்துக்கொண்டார். வீடு சம்பந்தப்பட்ட எல்லாக் கேள்விகளையும் நான் அடித்தேன். பள்ளிக்குள் நடந்தது, வழியில் பார்த்தது, கையில் தொட்டது, இவற்றோடு நிறுத்தினேன். பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பதையும் விட்டேன். உணர்ச்சிகளை வெளிப்படுத்துகிறாரா என்று மதிப்பீட்டு அட்டையில் நான் வைத்திருந்த கட்டத்தை எடுத்துவிட்டேன். உயிரே போய்விட்டது என்று ஆசிரியைகள் வருத்தப்பட்டார்கள். அது உண்மைதான். காட்டெருமையைப் பார்த்தேன், வழியில் கல் பொறுக்கினேன் என்று குழந்தைகள் சொன்னார்கள். அது பத்திரமான பேச்சு. வீட்டில் அடி வாங்கிவிட்டு வரும் ஒரு குழந்தை இந்த வட்டத்தில் அதை எப்படிச் சொல்லும் என்று நினைத்தால் அதுவும் பயமாகத்தான் இருந்தது. குழந்தைகள் வாய் திறந்து பேச வேண்டும் என்றுதானே முதலில் இதை ஆரம்பித்தேன். யாரிடமாவது தனியாகச் சொல்ல ஒரு வழி வேண்டும் என்று எழுதி அடித்தேன், எழுதி அடித்தேன். கேட்டுக்கொள்ளும் பெரியவர் என்னைப் போல் ஒருவராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் பேனா நின்றுவிடும்.

மே மாத விடுமுறையில் தேவாலாவுக்குப் போனேன். என் கணவர் வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் கூடலூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போனேன். அவர்கள் இருந்தது அண்ணன் வீட்டை ஒட்டித் தகரம் போட்ட ஓர் அறை. அந்த அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. பிறகு, "வாங்க டீச்சர்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

வெவ்வேறு தோட்டங்களில் தினக்கூலிக்குப் போவதாகச் சொன்னார். மழை பிடித்துக்கொண்டால் வேலை இருக்காதாம். நான் கேட்காமலே சொன்னார்.

குழந்தை உள்ளேயிருந்து வந்தாள். உயரமாகியிருந்தாள். முன்பல் முளைத்திருந்தது.

"எப்படி இருக்கேடா?"

"நல்லாருக்கேன் மிஸ்."

"புதுப் பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்த பிறகு, "பிடிச்சிருக்கு மிஸ்" என்றாள். பிறகு மாமன் பிள்ளைகளோடு மேட்டுப் பக்கம் ஓடிவிட்டாள். அங்கிருந்து அவள் கத்திச் சிரிப்பது கேட்டது. எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவளைத் தேடிப் போய்ப் பார்க்கலாமா என்று எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

"இன்னமும் அப்படி வட்டமா உக்கார வெக்கறீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"உக்கார வெக்கறோம்மா. வீட்டு விஷயம் எதுவும் இப்பக் கேக்கறதில்ல."

"நாங்க இவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டோம். யார் என்ன கேட்டாலும் நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லு, வேற ஒண்ணும் சொல்லாதேன்னு." அவர் என்னைக் குத்திக் காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. தங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொன்னார், அவ்வளவுதான். "இப்பச் சொல்றதில்லைங்க. என்கிட்டயும் ஒண்ணும் சொல்றதில்லை."

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் துணிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் கிளம்பும்போது அவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். எங்கள் பள்ளி கொடுத்த டிசி. பிறந்த தேதியில் மாதம் தப்பாகப் போட்டிருந்தது. இங்கே பள்ளிக்கூடத்தில் திருத்தி வாங்கி வரச் சொல்கிறார்கள், அவ்வளவு தூரம் போக ஒரு நாள் கூலி போய்விடும் என்று விட்டிருக்கிறார்.

"இதை மட்டும் மாத்திக் குடுத்தீங்கன்னா போதுங்க."

வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தார். தூறலில் தன் குடையை என் பக்கமும் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். பஸ் வந்ததும், "பாத்துப் போங்க டீச்சர்" என்றார்.

பள்ளி ஆபீஸில் நானே உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்து, தேதியைச் சரி செய்து, தாளாளரிடம் கையெழுத்து வாங்கி இரண்டே நாளில் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். என் போன் நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தேன். ஒரு வாரம் கழித்து மத்தியானம் போன் வந்தது.

"வந்துருச்சுங்க டீச்சர். தேதி சரியா இருக்குதுங்க."

"சரிம்மா" என்றேன். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாய்வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. அவர், "வெச்சிடறேனுங்க" என்றார்.